'திருத்த' விழும் அடி: பாலின வழக்கத்துக்கு இணங்காத குழந்தைகளுக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது?

மைசூரு: அக்காவின் வளையலை அணிந்து பார்க்கும் சிறுவனையும், முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு பையன்களோடு மட்டுமே விளையாடும் சிறுமியையும் கண்டு வீட்டுப் பெரியவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். குழந்தைக்குப் பத்து வயது நெருங்கும்போது அந்தச் சிரிப்பு நின்று, அதட்டல் தொடங்குகிறது. நடையைத் திருத்தவும் குரலைத் திருத்தவும் அடி விழுகிறது. குழந்தையை ஊராரின் கேலியிலிருந்து காப்பதற்காகவே கண்டிப்பதாகப் பெற்றோர் கூறுவர். ஆனால் அந்தக் குழந்தை சந்திக்கும் முதல் வன்முறை பெரும்பாலும் இந்தக் கண்டிப்புதான் என்பதை ஆய்வுகளும், அவ்வாறு வளர்ந்தவர்களின் வாக்குமூலங்களும் காட்டுகின்றன.

ஆணுக்கு இது, பெண்ணுக்கு இது எனச் சமூகம் வகுத்துள்ள நடை, உடை, விளையாட்டு, பேச்சு ஆகியவற்றுக்கு இணங்காத குழந்தைகள் குறித்து அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் ஆண்ட்ரியா ராபர்ட்ஸ் தலைமையிலான குழு 2012-ஆம் ஆண்டு 'பீடியாட்ரிக்ஸ்' என்ற குழந்தை மருத்துவ இதழில் ஆய்வு ஒன்றை வெளியிட்டது. ஏறத்தாழ 9,000 இளைஞர்களிடம் பதினொரு வயதுக்கு முற்பட்ட நினைவுகள் கேட்டறியப்பட்டன. பாலின வழக்கத்திலிருந்து மிகுதியாக விலகியிருந்தவர்கள், மற்றவர்களைக் காட்டிலும் அதிக அளவில் உடல், மன, பாலியல் கொடுமைகளுக்கு உள்ளானது தெரியவந்தது. அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோயும் அவர்களிடம் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. கொடுமை செய்தவர்களில் பெரும்பாலோர் பெற்றோர் அல்லது அதே வீட்டில் வசித்த பெரியவர்கள்.

அதே ஆய்வின் மற்றொரு முடிவை நம் வீடுகள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். பாலின வழக்கத்துக்கு இணங்காமல் வளர்ந்த குழந்தைகளில் சுமார் 85 விழுக்காட்டினர், பெரியவர்களானபின் எதிர்பாலினத்தவரிடமே ஈர்ப்புக் கொண்டவர்களாக இருந்தனர். "இவன் நாளை என்ன ஆவானோ" என்ற அச்சத்தில் அடிக்கும் பெற்றோர், பெரும்பாலும் தங்கள் ஊகத்தையே அடிக்கிறார்கள். அக்குழந்தை பிற்காலத்தில் திருநங்கையாகவோ திருநம்பியாகவோ தன்னை உணர்ந்தாலும், அடி அதை மாற்றப் போவதில்லை.

மௌனம் யாருக்குச் சாதகம்?

பாலியல் கொடுமை புரிபவர் தேர்ந்தெடுப்பது, வெளியே சொல்ல முடியாத குழந்தையை. தனித்து நிற்கும் குழந்தை, ஏற்கெனவே கேலிக்கு ஆளான குழந்தை, தன்னிடம் ஏதோ தவறு இருக்கிறது என்று நம்பவைக்கப்பட்ட குழந்தை அவருக்கு எளிய இலக்கு. நடந்ததைச் சொன்னால் தன் இயல்பைப் பற்றியும் பேச்சு எழும் என்று அந்தக் குழந்தை அஞ்சுகிறது. சொல்லிவிட்டாலும், "நீ அப்படி நடந்துகொண்டதால்தானே" என்ற பதில் கிடைக்கக்கூடும். வீட்டில் பெற்ற ஒவ்வொரு அடியும், வெளியே நடப்பதை வீட்டில் சொல்லாதே என்றே குழந்தைக்குக் கற்பித்துவிடுகிறது.

பையன்களுக்கு இவ்வாறெல்லாம் நேராது என்ற எண்ணமும் இங்கு வலுவாக உள்ளது. மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வு அதை மறுத்தது. ஏதேனும் ஒரு வகைப் பாலியல் கொடுமையைச் சந்தித்ததாக 53 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் தெரிவித்தனர். அவ்வாறு தெரிவித்தவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானோர் சிறுவர்கள்.

பள்ளிகளின் நிலையை, தமிழ்நாட்டின் பாலின, பாலீர்ப்புச் சிறுபான்மை இளைஞர்களிடம் யுனெஸ்கோ நடத்திய ஆய்வு காட்டுகிறது. நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் உடல்ரீதியாகத் துன்புறுத்தப்பட்டதாக 60 விழுக்காட்டினர் கூறினர். தொடக்கப் பள்ளியிலேயே பாலியல் சீண்டலுக்கு உள்ளானதாக 43 விழுக்காட்டினர் கூறினர். பள்ளி நிர்வாகத்திடம் முறையிட்டவர்கள் 18 விழுக்காட்டினர் மட்டுமே. தமிழ் வகுப்பறைகளில் 'ஒன்பது' என்ற எண்ணே வசைச்சொல்லாகிவிட்டது. வருகைப் பதிவேட்டில் அந்த எண் தன் பெயருக்கு நேராக வந்துவிடக் கூடாதே என்று அஞ்சிய மாணவர்கள் எத்தனையோ பேர்.

கர்நாடகம் அறிந்த கதைகள்

கர்நாடக நாட்டுப்புறக் கலைஞர் மஞ்சம்மா ஜோகதி, 2021-ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது பெற்றவர். மாநில ஜானபத அகாடமியின் தலைவராகப் பொறுப்பேற்ற முதல் திருநங்கை. பள்ளி வயதில் பெண்களோடு ஆடிப்பாடியதற்காகச் சகோதரர் தம்மைத் தூணில் கட்டி அடித்ததைப் பேட்டிகளில் அவர் கூறியிருக்கிறார். 1975-இல் குடும்பத்தினர் அவரை ஹொசப்பேட்டை அருகே உள்ள ஹுலிகெம்மா கோயிலுக்கு அழைத்துச் சென்று ஜோகப்பாவாக்கினர். பின்னர் வீட்டை விட்டு வெளியேறித் தெருவில் பிச்சையெடுத்த காலத்தில் ஒரு கும்பல் அவரைக் கொள்ளையடித்துப் பாலியல் வன்முறைக்கும் உள்ளாக்கியது. வீட்டில் விழுந்த அடிக்கும் தெருவில் நேர்ந்த கொடுமைக்கும் இடையே உள்ள தொடர்பு இந்த வாழ்க்கையில் மறைவின்றித் தெரிகிறது.

நாமக்கல் பகுதியில் பிறந்து பெங்களூருவில் மனித உரிமைப் பணியாற்றிய எழுத்தாளர் ரேவதியும், வீடு திரும்பியபோது அண்ணன் தம்மைக் கிரிக்கெட் மட்டையால் அடித்ததைத் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார். லிவிங் ஸ்மைல் வித்யா தமிழில் எழுதிய தன்வரலாறு கன்னடத்துக்குச் சென்று, 'நானு அவனல்ல அவளு' என்ற திரைப்படமானது. அதில் நடித்த சஞ்சாரி விஜய் தேசிய விருது பெற்றார். தமிழ்க் குடும்பங்களும் கன்னடக் குடும்பங்களும் அடுத்தடுத்து வாழும் மைசூரு போன்ற நகரில் இக்கதை எந்த மொழியினருக்கும் அயலானதன்று.

ஆயினும் அரசின் பார்வை நெடுங்காலம் தலைகீழாகவே இருந்தது. 1871-ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடியினர் சட்டம், திருநங்கையரைப் பதிவேட்டில் சேர்த்து, பதினாறு வயதுக்குட்பட்ட சிறுவரைத் தம்முடன் வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. அந்த எண்ணத்தின் நிழல் 2011-இல் கர்நாடகக் காவல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 36ஏ பிரிவிலும் விழுந்தது. சிறுவரைக் கடத்துவதாகச் சந்தேகிக்கப்படும் திருநங்கையரின் பட்டியலைப் பராமரிக்கக் காவல் ஆணையருக்கு அது அதிகாரம் அளித்தது. வழக்குத் தொடரப்பட்ட பின்னரே அதன் வாசகம் மாற்றப்பட்டது. திருநங்கையரால் குழந்தைகளுக்கு ஆபத்து என்று எழுதிய சட்டங்கள், திருநங்கையராக வளரவிருந்த குழந்தைகளுக்கு நேர்ந்த ஆபத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது?

போக்சோ எனப்படும் 2012-ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்ட எவரையும் குழந்தை என்கிறது. ஆண், பெண், திருநர் என்ற வேறுபாடு அதில் இல்லை. குற்றவாளி உறவினராகவோ ஆசிரியராகவோ இருந்தால் தண்டனை கடுமையாகும். குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். மறைத்தால் ஆறு மாதம் வரையும், நிறுவனத் தலைவர் தம் கீழுள்ளவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரையும் சிறைத்தண்டனை உண்டு. வீட்டில் அடித்துத் துன்புறுத்துவதும் தப்பாது: பொறுப்பிலிருப்பவர் குழந்தையைக் கொடுமைப்படுத்தினால், 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆவது பிரிவின்கீழ் மூன்றாண்டு வரை தண்டிக்கலாம்.

சிக்கல், 2019-இல் இயற்றப்பட்ட திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. திருநர் என்ற காரணத்துக்காக எந்தக் குழந்தையையும் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று அதன் 12-ஆவது பிரிவு கூறுகிறது. குழந்தையின் நலன் கருதி நீதிமன்றம் ஆணையிட்டால் மட்டுமே பிரிக்கலாம். குடும்பத்தால் பராமரிக்க இயலாதபோது மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பலாம். துரத்தப்படும் குழந்தைக்கு இது அரண். ஆனால் அடிக்கும் வீட்டிலிருந்து தப்பி ஓடும் குழந்தைக்கு இதே பிரிவு சுவராகிவிடும். அவ்வாறானவர்களுக்கு இதுவரை அடைக்கலம் தந்துவந்த திருநங்கையர் குடும்பங்களைச் சட்டம் குடும்பமாகக் கருதவில்லை.

பதினெட்டு வயது நிறைந்ததும் பாதுகாப்பு சுருங்குகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பாலியல் வல்லுறவுக்கு உள்ளாவோர் பெண்கள் என்றே வரையறுக்கப்பட்டுள்ளது. திருநர் மீதான பாலியல் கொடுமைக்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை மட்டுமே.

மருத்துவத்தின் பெயரால் 'மாற்றும்' முயற்சிகளுக்கும் இப்போது தடை உள்ளது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவைத் தொடர்ந்து, இத்தகைய சிகிச்சை தொழில்முறைத் தவறு எனத் தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்தது. திருநர் குழந்தைகளைப் பள்ளியில் ஏற்பது குறித்து ஆசிரியர்களுக்காக என்.சி.இ.ஆர்.டி. 2021-இல் தயாரித்த கையேடு மட்டும், எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களிலேயே இணையதளத்திலிருந்து அகற்றப்பட்டது. வகுப்பறைக்கு மிகவும் தேவையாக இருந்தது அதுதான்.

எதைக் கவனிக்க வேண்டும்?

பள்ளிக் கழிப்பறைக்குச் செல்லாமல் நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமலிருத்தல், விளையாட்டு வகுப்பு நாளில் வயிற்றுவலி, குறிப்பிட்ட ஓர் உறவினரின் வருகையன்று பதற்றம் ஆகியவை விசாரிக்கத் தக்க அறிகுறிகள். "ஏன் இப்படி நடக்கிறாய்?" என்பதற்கு மாறாக "உன்னை யாராவது ஏதாவது செய்தார்களா?" என்று கேட்பது பேச்சைத் திறக்கும். சொல்வதை முதலில் நம்ப வேண்டும். நடையைப் பற்றிய விசாரணை அப்போது வேண்டாம்.

மைசூருவில் கடத்தலுக்கும் சுரண்டலுக்கும் உள்ளான பெண்கள், குழந்தைகளை மீட்கும் பணியில் ஒடநாடி சேவா சமஸ்தே நெடுங்காலமாக ஈடுபட்டு வருகிறது; கன்னடத்தில் 'ஒடநாடி' என்றால் உடன் வருபவர். குழந்தைகள் உதவிக்கு 1098, அவசரத்துக்கு 112, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய கட்டணமில்லா எண்களை அழைக்கலாம். போக்சோ சட்டப்படி குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரியே பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யப்படும் மொழி குழந்தைக்குப் புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது காவல்துறையின் கடமை. கன்னடம் அறியாத தமிழ்க் குழந்தைக்கும் இது பொருந்தும்.