தென்காசியும் தட்சிண கங்கோத்திரியும்

இடப்பெயர்கள் பெரும்பாலும் சிறப்புக்கூறு, பொதுக்கூறு எனப் பகுக்கத்தக்கன. நங்கநல்லூர் என்பதன்கண் 'நல்லூர்' பொதுக்கூறு. 'நங்க' என்பது சிறப்புக்கூறு. தென்முனைக் கண்டமாகிய அண்டார்க்டிகாவின் பெயர்களும் இந்நெறியினவே. அங்குள்ள சிர்மாக்கர் பனியிலாநிலம், 1938–39ஆம் ஆண்டுச் செருமானியப் பயணத்தில் வானூர்தி செலுத்தியவர் பெயரால் வழங்குவது. அதனை அடுத்துள்ள பனியாறு 'தட்சிண கங்கோத்திரி' எனப்படும். 1983–84இல் இந்தியா அங்குப் பனித்தட்டின்மேல் அமைத்த முதல் ஆய்வுநிலையத்தின் பெயரும் இதுவே. தட்சிணம் என்பது தெற்கு. இமயத்துக் கங்கோத்திரி கங்கை பிறக்கும் பனியாறாதலின் பெயர் பொருந்துவதாயிற்று. வடபுலப் பெயர்க்குத் திசையடை சேர்த்து வழங்கும் இம்முறை தமிழர்க்குப் புதிதன்று. காசியை நினைந்து தென்காசி எனப் பெயரிட்டமை காண்க. நிலையம் பனியிற் புதையுண்டு 1990இல் கைவிடப்பட்டது. பெயரோ பனியாற்றில் நிலைத்தது. ஆகவே தமிழில் எழுதுங்கால் பொதுக்கூற்றை மட்டுமே மொழிபெயர்த்துச் சிறப்புக்கூற்றைக் காத்தல் வேண்டும். அன்றேல் பெயருள் உறையும் வரலாறு மறையும்.