சித்திர மிருகத்துக்கு உடல் சமைத்தல்

திரையிலே துள்ளி விளையாடும் சித்திர மிருகத்துக்கு எடை இல்லை, எலும்பு இல்லை, வியர்வையும் இல்லை. அதனை வீதிக்கோ மேடைக்கோ அழைத்துவர விரும்பும் கைவினைஞன், இம்மூன்றும் உடைய மனிதன் ஒருவனை அதற்குள்ளே புகுத்த வேண்டியவனாகிறான். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

1928ஆம் ஆண்டில் திரைக்கு வந்த மிக்கி மவுசின் காதுகளை நோக்குக. தலை எப்பக்கம் திரும்பினும் அவ்விரண்டும் வட்டங்களாகவே வரையப்படுவது வழக்கம். தாளிலே இது இயலும். கையாற் செய்த தலையிலோ, பக்கத்தில் நின்று பார்ப்பவனுக்கு வட்டம் ஒடுங்கிக் கோடாகிவிடும். ஆகவே ஓவியத்தை அளவெடுத்துப் பெயர்த்தாற் போதாது. ஓவியன் சொன்ன பொய்களுள் எவற்றைக் கைவிடுவது என்றும் தீர்மானிக்க வேண்டும்.

1955 ஜூலை 17ஆம் நாள் கலிபோர்ணியாவில் டிஸ்னிலாண்ட் திறக்கப்பட்டபோது, அங்கு உலாவிய பாத்திரங்களின் உடைகள் 'ஐஸ் கப்பேட்ஸ்' என்னும் பனிச்சறுக்கு நடனக் குழுவிடம் இரவல் பெற்றவை. பனித்தரையில், தூரத்திலிருந்து பார்ப்பதற்கென அமைந்தவை, கோடை வெயிலிற் குழந்தைகளின் கைக்கெட்டும் இடத்துக்கு வந்துவிட்டன.

இவ்வேலையிற் பாதி தலையே. அணிபவரின் தலையளவுக்கு ஒரு குல்லாய் அமைத்து, அதன்மேல் ஸ்பொஞ்சுத் துண்டுகளை ஒட்டி, கன்னம், மூக்கு, தாடை எனக் கத்தரித்துக்கொண்டு வருவர். பின்னர் அதனை ஒட்டுநாடாவாற் போர்த்திக் கோடிட்டு உரித்தெடுத்தால், துணி வெட்டுவதற்குரிய மாதிரிகள் கிடைக்கும். செயற்கை உரோமத் துணியில் மயிர் படியும் திசை ஒன்று உண்டு. பூனையின் முதுகைத் தடவியவர் இதனை அறிவர். திசை பிழைத்தால் மிருகம் நனைந்து சிலிர்த்ததுபோலத் தோன்றும். துணியைக் கத்தரிக்கோலால் வெட்டினால் மயிரும் அறுந்து தையல் வெளித்தெரியும். பின்புறமிருந்து கூரிய அலகினால் அடித்துணியை மட்டும் கீறுதல் வேண்டும்.

கண் இதனினும் கடினம். சித்திர மிருகத்தின் கண் மனிதக் கண்ணினும் பன்மடங்கு பெரிது. அமைந்த இடமும் வேறு. நுண்வலையிற் கருவிழியைத் தீட்டி உட்புறத்தை இருட்டாக வைத்தால், வெளியே நிற்பவன் ஓவியத்தைக் காண்பான். உள்ளிருப்பவன் துளைவழியே உலகைக் காண்பான். வாய்வழியே பார்க்கும் தலைகளும் உள. எவ்வகையாயினும் காலடியில் நிற்கும் குழந்தை எளிதிற் கண்ணிற்படாது. இவ்வுடை அணிந்தவருடன் துணையாள் ஒருவர் செல்வது இதனாலேயே.

ஸ்பொஞ்சும் உரோமமும் உடற்சூட்டை வெளியே விடா. எனவே வாயருகே காற்றுவழி விடுவர். சிறு மின்விசிறி பொருத்துவோரும் உளர். அழகு கருதி அவ்வழியை அடைப்பவன், உள்ளிருப்பவர் மயங்கி விழுவதற்கு வழிசெய்தவனாவான்.

மனிதனை ஒளிக்காமலே மிருகத்தைக் காட்டும் முறை ஒன்றும் உண்டு. 1994இல் வெளிவந்த 'த லயன் கிங்' என்ற சித்திரப் படம் 1997 நவம்பரில் நியூயோர்க் மேடைக்கு வந்தபோது, நெறியாளர் ஜூலி டேமர் அம்முறையைத் தேர்ந்தார். இந்தோனேசியாவிற் சில ஆண்டுகள் தங்கி, முகமூடியும் பாவையும் கொண்டு நாடகம் செய்தவர் அவர். மைக்கல் கறி என்பவரோடு சேர்ந்து அவர் அமைத்த சிங்க முகங்கள் நடிகரின் முகத்தை மூடாது தலைக்கு மேலே நின்றன. கரிநாரைக்கொண்டு செய்தமையால் எடை மிகக் குறைவு. கொடிய சிங்கமான ஸ்கார் சீறிப் பாயும்போது முகமூடி நடிகரின் முகத்துக்கு முன்னே இறங்கும். நிமிர்ந்ததும் மேலேறி மனித முகத்தைக் காட்டும்.

பிள்ளைகள் கட்டியணைக்கும் மிருகத்துக்கு இம்முறை பொருந்தாது என்பது மெய்யே. ஆயினும் அம்மேடையில் ஒட்டகச்சிவிங்கி தோன்றும்போது, கைகளிலும் கால்களிலும் பொய்க்கால் பூட்டிய நடிகர் ஒருவர் மெல்ல அடிவைத்து வருவது எல்லோருக்கும் தெரியும். அவர் தலைக்குமேலே நீண்ட கழுத்து உயர்ந்து அசைகிறது. அவர் முகமோ மூடப்படாமல் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது.