செஞ்சித் தோட்டத்துக்கு ஜிங்க் வேண்டுமா?

செஞ்சியின் ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் கருங்கல் மலைகள். அந்தக் கல் காலங்காலமாய் உதிர்ந்து உருவானதுதான் சுற்றுவட்டாரச் செம்மண். கல்லுக்குள் பொட்டாசியம் இருக்கிறது. ஆனால் அது வெளிவரும் வேகம் நம் ஆயுள் கணக்கில் அடங்காது. கிரஷரிலிருந்து கல்தூள் வாங்கிப் பாத்தியில் கொட்டினால், இந்தப் பட்டத்துக் கத்திரிச் செடிக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது.

தமிழக மண்ணில் பரவலாகக் குறைந்திருப்பது துத்தநாகம், கடைக்காரர் மொழியில் ஜிங்க். அது குறைந்தால் இளம் இலைகள் சிறுத்து, கணுக்கள் நெருங்கி, நுனி குத்துக்குத்தாக நிற்கும். இதில் நம் கையும் உண்டு. பழக்கதோஷத்தில் டிஏபியை அள்ளிப் போடுகிறோம். அதிலுள்ள மணிச்சத்து மண்ணில் மிகுந்தால் செடிக்குத் துத்தநாகம் எட்டாமல் போகும்.

மண்ணில் போட்டது தட்டுக்கு வருமா? சில சத்துகள் வரும். மண்ணில் செலினியம் குறைந்த பின்லாந்து, 1984-இல் அதை உரத்திலேயே சேர்க்க முடிவெடுத்தது. பயிரிலும் மக்களின் ரத்தத்திலும் அளவு கூடியது. துத்தநாகமும் ஓரளவு அப்படியே. இரும்பு வேறு கதை. செம்மண்ணின் சிவப்பே இரும்புதான், ஆனாலும் வேர் தனக்கு வேண்டியதைத்தான் எடுக்கும். கீரையில் இரும்பைக் கூட்டுகிறேன் என்று உரமிடுவது பெரும்பாலும் காசுக்குக் கேடு.

தக்காளியின் அடி கறுத்தால் முட்டை ஓட்டைத் தேடுவார்கள். அது கால்சியம் காய்க்குப் போய்ச் சேராத கோளாறு. ஒருநாள் காய்ச்சல், ஒருநாள் பாய்ச்சல் என்று தண்ணீர் விடுவதே பல வீடுகளில் காரணம். முதலில் பாசனத்தைச் சீராக்குங்கள்.

மண் பரிசோதனை செய்யாமல் எதையும் வாங்காதீர்கள். 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் துத்தநாகம், போரான், கார அமிலநிலை உட்பட 12 விவரங்கள் கிடைக்கும். தோட்டத்தில் பல இடங்களில் ‘வி’ வடிவில் அரை அடி ஆழம் வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டிக் கலந்து, நிழலில் உலர்த்தி அரைக் கிலோ கொடுத்தால் போதும். எருக்குழி ஓரமும் மர நிழலும் வேண்டாம். நுண்ணூட்டம் பார்ப்பதென்றால் துருப்பிடித்த மண்வெட்டியும் ஆகாது.

குறைவு உறுதியானால் சென்ட்டுக்கு 100 கிராம் ஜிங்க் சல்பேட், மணலில் கலந்து தூவலாம். டிஏபியோடு சேர்த்துக் கலக்க வேண்டாம். கூடவே தொழுவுரமும், அனுமதி பெற்று எடுத்த ஏரி வண்டலும் போட்டால் மணற்பாங்கான செம்மண் சத்தையும் ஈரத்தையும் பிடித்து வைக்கும்.