பழைய கேம், புது பில்: 'ரீமாஸ்டர்' கேம்கள் உங்கள் பிசியில் திணறுவது ஏன்? கன்சோல் வாங்கினால் தப்பிக்கலாமா?

2005-ல் பிசிக்கு வந்த 'ஜிடிஏ: சான் ஆன்ட்ரியாஸ்' ஓட 256 எம்பி ரேம் போதும். 2021-ல் வந்த அதன் புதுப்பிக்கப்பட்ட பதிப்பு குறைந்தது 8 ஜிபி ரேம் கேட்கிறது. அதாவது 32 மடங்கு. கதை அதே கதை, தெரு அதே தெரு, ஓடுகிற சிஜேவும் அதே ஆள்தான்!

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் வளர்ந்த 90ஸ் கிட்ஸுக்கு இந்த கேம் என்றாலே பிரவுசிங் சென்டர்தான் ஞாபகம் வரும். 2011-ல் தமிழக அரசு விலையில்லா லேப்டாப் கொடுக்க ஆரம்பித்ததும் அது வீட்டுக்கே வந்துவிட்டது. கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத அந்த லேப்டாப்பிலும் சான் ஆன்ட்ரியாஸ் ஓடியது.

அதே ஆட்கள் இன்று வேலைக்குப் போகிறார்கள். காசு கொடுத்து ஒரிஜினலாகவே வாங்கி விளையாடலாம் என்று பார்த்தால், "உங்கள் சிஸ்டம் போதாது" என்று வருகிறது. புது லேப்டாப்புக்கு இஎம்ஐ போடுவதா, கன்சோல் வாங்குவதா, இல்லை பழைய கேமையே விளையாடுவதா? முடிவெடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இங்கே.

ரீமாஸ்டர் என்றால் என்ன?

பழைய கேமின் கதை, விதிகள், வரைபடம் எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு படத்தையும் ஒளியையும் மட்டும் மெருகேற்றினால் அது ரீமாஸ்டர். எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி செய்தால் ரீமேக். பழைய படத்தை 4கே-வில் ரீ-ரிலீஸ் செய்வதற்கும், புது நடிகர்களை வைத்து மறுபடி எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

ஆனால் கேமில் ஒரு சிக்கல் உண்டு. படத்தை மட்டும் மாற்றுவதற்கும் பல நேரம் எஞ்சினையே மாற்ற வேண்டியிருக்கும். செலவு அங்கேதான் ஏறுகிறது.

எவ்வளவு ஏறுகிறது?

2006-ல் வந்த 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 4: ஆப்லிவியன்' கேமை எடுத்துக்கொள்வோம். அன்றைக்கு 512 எம்பி ரேமும் ஹார்ட் டிஸ்கில் 4.6 ஜிபி இடமும் இருந்தால் ஓடும். 2025 ஏப்ரல் 22 அன்று வெளியான ரீமாஸ்டருக்கோ குறைந்தபட்சம் 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1070 டிஐ அளவிலான கிராஃபிக்ஸ் கார்டு, 125 ஜிபி இடம் தேவை. பரிந்துரைக்கப்பட்ட அளவு 32 ஜிபி ரேம்.

125 ஜிபி என்பதை நம் வீட்டுக் கணக்கில் பார்ப்போம். 100 எம்பிபிஎஸ் பிராட்பேண்ட் முழு வேகத்தில் வந்தால் டவுன்லோடு முடிய சுமார் இரண்டே முக்கால் மணி நேரம். 40 எம்பிபிஎஸ் என்றால் ஏறக்குறைய 7 மணி நேரம். 256 ஜிபி எஸ்எஸ்டி உள்ள லேப்டாப்பில் பாதி இடத்தை இந்த ஒரு கேமே பிடித்துக்கொள்ளும்.

இடமும் ரேமும் இருந்தும் திணறுவது ஏன்?

காரணம் 1: எஞ்சினுக்கு மேல் எஞ்சின். ஆப்லிவியன் ரீமாஸ்டரில் நாம் பார்க்கும் படத்தை வரைவது அன்ரியல் எஞ்சின் 5. ஆனால் யார் எங்கே நடக்கிறார்கள், வாள் எங்கே படுகிறது என்பதையெல்லாம் கணக்குப் போடுவது 2006-ன் பழைய எஞ்சின். பழைய வீட்டை இடிக்காமல் அதன் மேலேயே புது மாடி கட்டிய கதை. திறந்தவெளியில் குதிரையில் வேகமாகப் போகும்போது புதுப் பகுதி லோட் ஆகிற இடத்தில் ஒரு நொடி படம் நின்று நகர்வதை விலை உயர்ந்த பிசி வைத்திருப்பவர்களும் பார்த்தார்கள். கிராஃபிக்ஸ் கார்டை மாற்றினால் இது சரியாகாது. சிக்கல் கார்டில் இல்லை.

காரணம் 2: ஷேடர். ஒளி, நிழல், தண்ணீர் எப்படித் தெரிய வேண்டும் என்று கிராஃபிக்ஸ் சிப்புக்குச் சொல்லும் சின்னச் சின்ன புரோகிராம்கள் இவை. பிஎஸ்5 எல்லாவற்றிலும் ஒரே வகை சிப் என்பதால், ஷேடர்களைத் தயார் செய்தே அனுப்பிவிடலாம். பிசியில் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு கார்டு, ஒவ்வொரு டிரைவர். அதனால் உங்கள் மெஷினிலேயே அவை தயாராக வேண்டும். முன்கூட்டியே செய்தால் காத்திருக்க வேண்டும். விளையாடும்போது செய்தால் படம் திக்கும்.

2013-ல் பிஎஸ்3-க்கு வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' கேமின் ரீமேக், 2023 மார்ச் 28 அன்று பிசிக்கு வந்தபோது இதுதான் நடந்தது. முதல் முறை திறந்ததும் ஷேடர் தயாரிப்பிலேயே பலருக்கு நீண்ட நேரம் போனது. அடுத்தடுத்து வந்த அப்டேட்கள்தான் நிலைமையைச் சரிசெய்தன.

காரணம் 3: மெமரி. பிஎஸ்5-ல் 16 ஜிபி மெமரி ஒரே தொட்டி. சிபியு, கிராஃபிக்ஸ் இரண்டும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பிசியில் ரேம் தனி, கார்டின் மெமரி தனி. ஒன்றில் இடம் மிச்சம் இருந்தாலும் இன்னொன்று நிரம்பினால் திணறல்தான். தி லாஸ்ட் ஆஃப் அஸ் பிசிக்கு வந்த புதிதில், 8 ஜிபி கார்டு வைத்திருந்தவர்களும் உயர் டெக்ஸ்சர் செட்டிங்கில் அவதிப்பட்டது இதனால்தான்.

அப்போ கன்சோலில் பிரச்சனையே இல்லையா?

அப்படியும் சொல்ல முடியாது. 2021 நவம்பர் 11 அன்று வந்த 'ஜிடிஏ டிரைலஜி: டெஃபினிடிவ் எடிஷன்' எல்லா மெஷினிலும் சொதப்பியது. மழை பெய்தால் திரை முழுக்க வெள்ளைக் கோடு, எதிரே வரும் வண்டியே தெரியாது. கடைப் பலகைகளில் எழுத்துப்பிழை. அறுகோண நட்டு போல இருக்க வேண்டிய டோனட் கடைச் சின்னம் உருண்டையாகிவிட்டது. பழைய படங்களைப் பெரிதாக்கும் வேலையை மென்பொருளிடம் விட்டதன் விளைவுகள் என்று ரசிகர்கள் கிண்டல் செய்தார்கள். பிசியில் நிலைமை இன்னும் மோசம்: வெளியான கொஞ்ச நேரத்திலேயே விற்பனை நிறுத்தப்பட்டு, சில நாட்கள் கழித்துத்தான் திரும்பி வந்தது. ராக்ஸ்டார் நிறுவனம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. கேம் பார்க்கும்படி ஆவதற்கு 2024 நவம்பரில் வந்த பெரிய அப்டேட் வரை, 3 வருடம் ஆனது.

கன்சோல் தரும் உத்தரவாதம் இவ்வளவுதான்: கேம் திறக்கும், அந்த மெஷினை மனதில் வைத்து யாரோ சோதித்திருப்பார்கள். நன்றாகச் செய்யப்படாத கேமை கன்சோலும் காப்பாற்றாது. அங்கே சொதப்பினால் செட்டிங்கைக் குறைத்துப் பார்க்கக்கூட பெரும்பாலும் வழி இருக்காது.

பழைய கேமையே பிசியில் விளையாடினால்?

ஓடும், ஆனால் காலடியில் தரை நகர்ந்துகொண்டே இருக்கும். 2025-ல் ஒரு வேடிக்கை நடந்தது. விண்டோஸ் 11-ன் 24எச்2 அப்டேட் போட்டவர்களுக்கு, பழைய சான் ஆன்ட்ரியாஸில் 'ஸ்கிம்மர்' என்ற நீர் விமானம் காணாமல் போனது. விண்டோஸ்தான் கெடுத்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். 'சைலன்ட்பேட்ச்' என்ற ரசிகர் திருத்தத்தை உருவாக்கியவர் தோண்டிப் பார்த்தபோது, தவறு கேமிலேயே இருந்தது தெரியவந்தது. அந்த விமானத்துக்கான சில எண்கள் ஃபைலில் விடுபட்டிருந்தன. மெமரியில் தற்செயலாகக் கிடந்த சரியான மதிப்புகளை வைத்தே 20 வருடம் ஓட்டியிருக்கிறது! புது விண்டோஸ் அந்த இடத்தில் வேறு எதையோ எழுத, குட்டு உடைந்தது.

கன்சோலில் இப்படி நடப்பது அபூர்வம். பிசியில் நடக்கும், ஆனால் அதைச் சரிசெய்ய ஒரு ரசிகராவது இருப்பார். இரண்டுக்கும் உள்ள நிஜ வித்தியாசம் இதுதான்.

நல்ல ரீமாஸ்டரே கிடையாதா?

இருக்கிறது, அதில் தமிழும் இருக்கிறது. 1999-ல் வந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' கேமின் டெஃபினிடிவ் எடிஷன் 2019 நவம்பரில் வெளியானது. 4 ஜிபி ரேமும் சாதாரண இன்டெல் கிராஃபிக்ஸும் இருந்தாலே குறைந்த செட்டிங்கில் ஓடும். 4கே படங்கள் தனி டவுன்லோடு. வேண்டுமென்றால் மட்டும் போட்டுக்கொள்ளலாம். உங்கள் மெஷின் மெதுவாக இருந்தால் எதிராளியின் ஆட்டமும் இழுக்கும் என்பதால், தரவரிசைப் போட்டிக்கு முன் ஒரு வேகச் சோதனையும் வைத்தார்கள். 2022 ஏப்ரலில் வந்த கூடுதல் பேக்கில் திராவிடர்கள் என்ற அணியும் ராஜேந்திர சோழன் கதையும் சேர்ந்தன. அந்த வீரர்கள் தமிழில் பதில் சொல்வார்கள்.

இது ஏன் லேசாக ஓடுகிறது? எஞ்சினைத் தூக்கிப் போடாமல் வருடக்கணக்கில் சீர்செய்திருக்கிறார்கள். ஆக, கேம் எத்தனை வருடம் பழசு என்று பார்த்துப் பயனில்லை. உள்ளே எந்த எஞ்சின் ஓடுகிறது என்று பாருங்கள்.

சரி, இப்போ என்ன பண்ணலாம்?

• ஆபீஸ் லேப்டாப், 8 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை: அன்ரியல் எஞ்சின் 5 ரீமாஸ்டர்களை மறந்துவிடுங்கள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 போன்றவை உங்களுக்குத்தான்.

• கேமிங் லேப்டாப் இருக்கிறது: 'குறைந்தபட்சம்' என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம், 'பரிந்துரை' வரிசையைப் பாருங்கள். கத்திரி வெயிலில் ஏசி இல்லாத மாடி அறையில் லேப்டாப் சூடேறினால், அது தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைக்கும். அதையும் கணக்கில் வையுங்கள்.

• ரீமாஸ்டருக்காகவே மெஷின் வாங்கப் போகிறீர்கள்: கன்சோல் நியாயமான வழி. பிஎஸ்5 இந்தியாவில் 2021 பிப்ரவரியில் அறிமுகமானபோது டிஸ்க் மாடல் 49,990 ரூபாய். டிஸ்க் டிரைவ் உள்ளதை வாங்கினால், முடித்த கேமின் டிஸ்கை விற்கலாம். கரண்ட் போனால் கன்சோலுக்கு பேட்டரி கிடையாது, யுபிஎஸ் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

• பிசியில் வாங்குகிறீர்கள்: ஸ்டீமில் 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஓட்டியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். ஷேடர் தயாராகும் நேரமும் அந்த 2 மணி நேரத்தில்தான் சேரும், கவனம். பிளேஸ்டேஷன் ஸ்டோரில் டவுன்லோடு தொடங்கிவிட்டால், கேமில் கோளாறு இருந்தாலொழிய பணம் திரும்பாது.

• எதில் வாங்கினாலும் வெளியான முதல் நாளே வாங்காதீர்கள். 20 வருடம் காத்திருந்த கேம்தானே, இன்னும் 6 மாதம் காத்திருந்தால் அப்டேட்டும் வரும், விலையும் பெரும்பாலும் இறங்கும்.