நிகழ்த்துகலையும் வரலாற்று நினைவும்: கட்டபொம்மன் கதையை முன்வைத்து

வரலாறு பொதுமக்களைச் சென்றடையும் வழிகளுள் ஏட்டைக் காட்டிலும் மேடைக்கே வலிமை மிகுதி என்பதற்குத் தமிழ்ச் சூழலில் கட்டபொம்மன் கதையைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரரைப் பற்றி இன்று பரவலாக அறியப்படுவனவற்றுள் மிகச் சிலவே கும்பினி அதிகாரிகளின் கடிதங்களிலிருந்து பெறப்பட்டவை. எஞ்சியவை பாட்டாகவும் கூத்தாகவும் நாடகமாகவும் திரைப்படமாகவும் கண்டும் கேட்டும் பெறப்பட்டவை. அவ்வாறு பெறப்பட்ட வரலாறு எதனைக் காத்தது, எதனை மாற்றியது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

கதைப்பாடல் மரபு

1801இல் ஊமைத்துரையின் எழுச்சியும் ஒடுக்கப்பட்டுப் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமாக்கப்பட்ட பின்னர், அந்நினைவைச் சுமந்தவை வாய்மொழிப் பாடல்களே. நா. வானமாமலை பதிப்பித்த கட்டபொம்மு கதைப்பாடல் மதுரைப் பல்கலைக்கழக வெளியீடாக 1971இல் வந்தது. அச்சில் காணும் பனுவலை மட்டும் கொண்டு இதனை மதிப்பிடுதல் போதாது. பாடுவோர் அவையறிந்து விரிப்பதும் சுருக்குவதும் இம்மரபின் இயல்பு. தீக்கனவு, தீநிமித்தம், போருக்குச் செல்லும் வெள்ளையத்தேவனை மனைவி தடுத்தல் ஆகியன கேட்போரை உருக்கும் இடங்களாதலால் அவை விரிகின்றன. படை நகர்வுகள் ஓரிரு அடிகளில் கடந்து போகின்றன. எனினும் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். தானாபதிப் பிள்ளையின் நெற்கொள்ளையை இம்மரபு மறைக்கவில்லை. தலைவன் பக்கத்துப் பிழையும் கதையின் பகுதியாகவே நிற்கிறது. பிற்கால மேடையில் இந்த நடுநிலை மங்கியது.

மேடையும் ஆவணமும்

சக்தி கிருஷ்ணசாமி எழுதிய நாடகம் 1957இல் சிவாஜி கணேசன் நடிப்பில் அரங்கேறியது. அதுவே 1959இல் பி.ஆர். பந்துலுவின் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. இவற்றின் உயிர்நிலை, ஜாக்சனுடனான சந்திப்புக் காட்சி. பள்ளி மாணவர் இன்றளவும் மாறுவேடப் போட்டிகளில் பேசிவரும் அவ்வுரையாடல் முழுவதும் நாடகாசிரியரின் ஆக்கம். 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் நிகழ்ந்த உண்மைச் சந்திப்பில் பேசுபொருளாக இருந்தது செலுத்தப்படாத கிஸ்தி நிலுவை. பாளையக்காரர் பல நாள் கலெக்டரைப் பின்தொடர்ந்து அலைந்த பின்னரே பேட்டி கிட்டியது; அப்போதும் அவர் நிற்க வைக்கப்பட்டார். வெளியேறுகையில் எழுந்த கைகலப்பில் கிளார்க் என்னும் படை அதிகாரி இறந்தார். விசாரணைக்குப் பின் ஜாக்சன் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

நிலுவை எவ்வளவு என்னும் வழக்கை, வரி கேட்கும் உரிமை யாருக்கு என்னும் வழக்காக நாடகம் மாற்றியது. விடுதலை பெற்றுப் பத்தாண்டுகளே ஆகியிருந்த அவையோருக்கு அக்கேள்வியே பொருளுடையது. அதனால் இம்மாற்றத்தைப் பொய் என்று தள்ளிவிடுவது எளிதாயினும் சரியன்று. ஆனால் நிற்க வைக்கப்பட்ட அவமதிப்பு, அலைக்கழிப்பு என ஆவணத்திலேயே இருந்த நாடகத்தன்மை முழங்கும் உரையாடலுக்குள் அமிழ்ந்துபோனது இழப்பே.

இவ்விழப்பு கயத்தாற்றுக் காட்சியில் இன்னும் பெரிது. தூக்கு நிறைவேறிய மறுநாள் மேஜர் பானர்மேன் எழுதிய கடிதத்தைக் கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்று நூலில் எடுத்தாண்டுள்ளார். விசாரணை முழுவதும் கட்டபொம்மன் அஞ்சாமலும் செருக்குடனும் நின்றதாகவும், எட்டயபுரம், சிவகிரிப் பாளையக்காரரை இகழ்ச்சியுடன் நோக்கியதாகவும் அக்கடிதம் கூறுகிறது. பகைவரின் எழுத்தே வீரத்துக்குச் சான்று தருகிறது. அதே கடிதம் வேறொன்றையும் பதிகிறது: தூக்குமரத்துக்குச் செல்லும் வழியில் அவர் கவலைப்பட்டது வாய்பேசாத தம்பியைக் குறித்து மட்டுமே, மரத்தடியை அடைந்ததும், கோட்டையை விட்டு வந்ததற்காக வருந்தி, அதனைக் காத்து அங்கேயே மடிந்திருக்கலாம் என்றாராம். திரைப்படத்தின் இறுதிக் காட்சியில் முழக்கம் உண்டு; இந்த வருத்தத்துக்கு இடமில்லை. அவையோர் கண்ணீர் விடத்தக்க இடத்தை ஆவணம் வைத்திருந்தும், மேடை அதனை எடுத்துக்கொள்ளவில்லை.

மேடையின் ஆற்றல் மொழிக்குள்ளும் புகுந்துள்ளது. எட்டயபுரம் பாளையக்காரரின் பட்டப்பெயரான எட்டப்பன், காட்டிக்கொடுப்போனைக் குறிக்கும் பொதுச்சொல்லாகிவிட்டது. அப்பாளையத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் நெடுநாளாக எல்லைப் பூசல் இருந்தது. கட்டபொம்மனைப் பிடிக்கும் முயற்சியில் எட்டயபுரம் முனைந்து ஈடுபட்டதும் உண்மை. ஆனால் அவரைப் பிடித்து ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான் தரப்பு. அப்பெயர் வசைச்சொல்லாகவில்லை. நிகழ்த்துகலை ஒரு கதைக்கு ஒரு வஞ்சகனையே பெரிதும் விரும்புகிறது போலும்.

பார்வையாளர் என்னும் இடம்

கயத்தாற்றுத் தண்டனையும் ஒரு நிகழ்த்துதலே என்பதை இத்துடன் சேர்த்து நோக்க வேண்டும். பானர்மேன் பாளையக்காரர்களை வரவழைத்து, அவர்கள் கண்முன்னே தீர்ப்பை நிறைவேற்றினார். அக்காட்சிக்கு அவையோர் இன்றியமையாதவர்; அவர்கள் அஞ்சித் திரும்ப வேண்டும் என்பதே நோக்கம். பின்வந்த பாடகரும் கூத்தரும் நடிகரும் அதே காட்சியை மீண்டும் மீண்டும் நிகழ்த்தினர். அன்று பாளையக்காரர்கள் தலைகவிழ்ந்து நின்ற இடத்தில் ஊரார் அமர்ந்தனர். தூக்குமரத்தடியில் நின்றவனின் பக்கம் சாய்ந்தே எழுந்து சென்றனர்.