ஏட்டில் நின்ற வாக்குறுதிகள்

சொன்ன சொல் தவறாமை தனிமனிதனுக்கு மட்டுமன்றி அரசுக்கும் உரிய அறமாகும். ஓர் அரசு தன் குடிகளுக்கு அளித்த வாக்கு எவ்வாறு ஏட்டளவில் நின்றுவிடுகின்றது என்பதை எமது நாட்டின் இரு உடன்படிக்கைகளைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் விளைத்த கசப்பைத் தணிக்கும் பொருட்டு, பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் 1957 யூலை 26இல் ஓர் உடன்படிக்கை செய்தனர். வட மாகாணத்துக்கு ஒரு பிரதேச சபையும், கிழக்கு மாகாணத்துக்கு இரண்டு அல்லது அவற்றின் மேற்பட்ட சபைகளும் அமையும். விவசாயம், கல்வி, சுகாதாரம், மீன்பிடி, காணி என்பன அவற்றின் அதிகாரத்துள் அடங்கும். அவ்விரு மாகாணங்களிலும் நிருவாக மொழி தமிழாகும் என்பன அதன் சாரம். குடியேற்றத் திட்டங்களிற் காணி பெறுவோரைத் தெரிவுசெய்யும் உரிமையும் சபைகளுக்கே என்றமை அதன் உயிர்நாடி எனலாம். கட்சி தான் அறிவித்திருந்த சத்தியாக்கிரகத்தை உடனே கைவிட்டது. ஒரு தரப்பின் கடன் அவ்வாறு தீர்ந்தது.

மறுதரப்பின் கடனோ தீரவில்லை. 1957 ஒக்டோபரில் எதிர்க்கட்சியினர் கண்டி நோக்கி எதிர்ப்பு யாத்திரை தொடங்கினர். 1958 ஏப்பிரல் 9இல் பிக்குமார் பிரதமர் இல்லத்தின் முன் அமர்ந்தனர். உடன்படிக்கை கைவிடப்பட்டதென அன்றே எழுத்து மூலம் உறுதி பெற்றனர். அடுத்த மாதம் மூண்ட கலவரத்தின்பின் கொழும்புத் தமிழர் பலர் அகதிகளாகி, கப்பலேறி வடக்கே சென்றனர்.

1965 மார்ச்சு 24இல் டட்லி சேனநாயக்காவுடன் செய்யப்பட்ட உடன்படிக்கை மாவட்ட சபைகளை வாக்களித்தது. 1968இல் அதற்கான வெள்ளை அறிக்கை வெளிவந்தது. எதிர்ப்பு எழுந்ததும் அம்முயற்சி கைவிடப்பட்டது.

இவ்விரண்டும் தலைவர்களின் கைச்சாத்தை மட்டுமே கொண்டிருந்தன, பாராளுமன்றச் சட்டமாகவில்லை. வாக்கு மீறப்பட்டபோது வழக்காட வழியும் இருக்கவில்லை.

சட்டமானாற் போதுமோ? அமெரிக்காவின் யூற் பழங்குடியினர்க்கு மேற்குக் கொலராடோ நிலத்தை உறுதிசெய்த 1868ஆம் ஆண்டு உடன்படிக்கை, செனற் சபையின் ஒப்புதல் பெற்றது. ஆயினும் மலைகளிற் பொன்னும் வெள்ளியும் காணப்பட்டமையால் 1873இல் ஒரு பகுதியை அவர்கள் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. 1881இல் அவர்களுட் பெரும்பாலோர் யூட்டாவுக்கு அகற்றப்பட்டனர். எனினும் உரிமை சட்டத்திற் பதிந்திருந்தமையால், 1950இல் நீதிமன்றம் 3 கோடி டொலருக்கு மேல் நட்டஈடு விதித்தது. நிலம் மீளவில்லை, அநீதி அநீதியென ஒப்புக்கொள்ளப்பட்டது.

எமது நாட்டில் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, மாகாண சபைகளுக்கும் வழிவகுத்தது. எனினும் தெமட்டகொடையில், சிங்களத்தில் மட்டும் வந்த அலுவலகக் கடிதத்தைத் தந்தைக்கு மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் பிந்தி வந்த மாணவனை நான் கண்டிருக்கிறேன். சட்டம் அரசு எழுதித்தரும் கடன்பத்திரம். அக்கடிதம் தமிழிலும் வரும் நாளிலேயே கடன் தீர்ந்ததாகும்.