துப்பாக்கி நிஜம் என்று தெரிந்தவர்கள்

ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் ஊரிலிருந்து வந்த மாமாவின் பெட்டியைக் குடைகிறான். கைக்குக் கிடைத்த துப்பாக்கியைப் பொம்மை என்று நினைத்து எடுத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்புகிறான். எதிர்ப்படுகிறவர்களை எல்லாம் குறிபார்த்து 'டுமீல்' என்கிறான். அவர்கள் சிரிக்கிறார்கள். அது நிஜத் துப்பாக்கி, உள்ளே தோட்டா இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1961இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக இயக்கிய 'பேங்! யூ ஆர் டெட்' இதுதான்.

மேசைக்கடியில் இருக்கும் குண்டு திடீரென வெடித்தால் சில நொடி அதிர்ச்சி. அது அங்கே இருப்பது முன்பே தெரிந்தால் பதினைந்து நிமிடப் பதைப்பு என்பார் ஹிட்ச்காக். 1980களில் பிரூவர், லிக்டன்ஸ்டைன் என்ற உளவியலாளர்கள் இதைக் கோட்பாடாகவே வகுத்தார்கள். நடந்த வரிசை ஒன்று, சொல்லும் வரிசை வேறு. முக்கியமான தகவலை மறைத்ததே தெரியாமல் மறைத்தால் திகைப்பு. மறைத்திருப்பதைக் காட்டிக்கொண்டே மறைத்தால் ஆவல். துப்பறியும் கதை இந்த ரகம். ஆபத்தை முதலிலேயே சொல்லி, முடிவை மட்டும் தள்ளிப்போட்டால் பதைப்பு. கடைசி அத்தியாயம் வரை எல்லாவற்றையும் பொத்திவைக்கும் தொடர்கதைக்காரர்கள் இந்த மூன்றாவதைத்தான் கோட்டைவிடுகிறார்கள்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் யூரி ஹாசன் குழுவினர் ஸ்கேன் கருவிக்குள் ஆட்களைப் படுக்கவைத்து இந்தப் படத்தைக் காட்டினார்கள். பார்த்தவர்களின் மூளைப் புறணியில் 65 சதவீதத்துக்கும் மேற்பட்ட பகுதி ஒரே தாளத்தில் இயங்கியது. ஒரு பூங்காவில் நடப்பதை வெட்டு ஒட்டு இல்லாமல் படம்பிடித்துக் காட்டியபோது 5 சதவீதம்கூட இல்லை. ஒற்றுமை அதிகமானால் கலை உயர்ந்தது என்று அர்த்தமில்லை. பார்வையாளரை இயக்குநர் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறார் என்பதற்கான அளவு அது.

இந்தப் படம் மருத்துவத்துக்கும் போனது. பதைக்க வேண்டுமானால் தோட்டா இருப்பதை மறக்காமல் இருக்க வேண்டும். எதிரே நிற்பவருக்கு அது தெரியாது என்பதும் புரிய வேண்டும். சுயநினைவு இல்லாமல் இது ஆகாது. கனடாவில் லொரினா நாச்சி, ஏட்ரியன் ஓவன் குழுவினர் 16 ஆண்டுகளாக எந்தத் தூண்டலுக்கும் அசையாத ஒருவருக்கு இதைச் சுருக்கிக் காட்டினார்கள். பதைப்பு ஏறும் இடங்களில் ஆரோக்கியமானவர்களின் மூளையைப் போலவே அவருடைய மூளையும் ஏறி இறங்கியது. கதையைப் பின்தொடர்கிறார் என்று முடிவுசெய்து 2014இல் வெளியிட்டார்கள். அதே ஆய்வில் இருந்த இன்னொரு நோயாளியின் மூளை ஒலிக்கு மட்டுமே அசைந்தது, கதைக்கு இல்லை.